தெருவில் இறங்குமுன்: கல் எடுக்காமல் ஒரு கோரிக்கையை வெல்வதற்கான ஏற்பாடுகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், நம்மவர்கள் மிகுதியாக வாழும் சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ ஒரு தெருவுக்கு மூன்று வாரமாகத் தண்ணீர் வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். முதல் வாரம் மனுக் கொடுக்கிறோம். இரண்டாம் வாரம் கவுன்சிலரைத் தேடிப் போகிறோம். மூன்றாம் வாரம் யாரோ ஒருவர் பழைய டயர்களை உருட்டிவந்து சாலையின் குறுக்கே போட்டுப் பெட்ரோலை ஊற்றுகிறார். அவரை வன்முறையாளர் என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் அன்று மாலை அந்தத் தெருவில் அவர் கையில் எடுப்பதற்கு வேறு வழி எதையும் நாம் ஆயத்தமாக வைத்திருக்கவில்லை. குடியிருப்போர் சங்கமோ, கோயில் கமிட்டியோ, பள்ளிப் பெற்றோர் குழுவோ நடத்துகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். அகிம்சையைச் சாதுவான மனிதர்களின் சுபாவம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். முப்பது பேரைக் கூட்டிக்கொண்டு ஒருமுறை தெருவில் நின்று பார்த்தவர்களுக்கு அது சமையலுக்கு முன் அரிசி களைவதுபோல முன்கூட்டிச் செய்ய வேண்டிய வேலை என்று தெரியும்.

பல ஆண்டுகளுக்கு முன் நானும் நின்ற ஒரு மறியலில் அந்த வேலையை நாங்கள் செய்யவில்லை. காலை முழுவதும் பாட்டும் கோஷமுமாக இருந்தது. பதினொரு மணி வெயிலில் குடிக்கத் தண்ணீர் தீர்ந்தது. பேச வருவதாகச் சொன்ன அதிகாரி வரவில்லை. பின்வரிசையில் நின்ற ஒரு பையன் மதிலோரம் கிடந்த அரைச் செங்கலைக் கையில் எடுத்து, எறிவதா வேண்டாமா என்று தெரியாமல் அதை இடக்கைக்கும் வலக்கைக்கும் மாற்றிக்கொண்டே நின்றான். நான் அவனிலிருந்து நான்கடி தூரத்தில் இருந்தேன். அவனிடம் என்ன சொல்வது, யார் போய்ச் சொல்வது என்று எங்களுக்குள் முன்பே பேசி வைத்திருந்தால் அந்த நான்கடியை நான் கடந்திருப்பேன். ஒரு ஜன்னல் உடைந்தது. மறுநாள் எல்லாரும் அந்த ஜன்னலைப் பற்றி மட்டுமே பேசினார்கள். நாங்கள் எதற்காக நின்றோம் என்று ஒருவரும் கேட்கவில்லை.

இந்த வழி பலிக்குமா என்று கேட்பவர்களுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். 1900 முதல் 2006 வரை உலகெங்கும் நடந்த 323 பெரிய போராட்டங்களை எரிக்கா செனோவெத், மரியா ஸ்டெஃபன் என்னும் இரு ஆய்வாளர்கள் ஒப்பிட்டார்கள். ஆயுதமில்லாமல் நடந்தவற்றில் 53 விழுக்காடும், ஆயுதமேந்தியவற்றில் 26 விழுக்காடும் தம் நோக்கத்தை முழுமையாக எட்டின. ஏறத்தாழ இரண்டுக்கு ஒன்று. இதற்கு அவர்கள் சொல்லும் முக்கியக் காரணம் நம் தெருவுக்கும் பொருந்துகிறது: கல்லும் துப்பாக்கியும் இருக்கும் இடத்துக்கு இளம் ஆண்கள் மட்டுமே வருவார்கள், வெறுங்கையோடு நிற்கும் இடத்துக்குப் பாட்டியும் வருவார், கைக்குழந்தைக்காரியும் வருவார், ஓய்வுபெற்ற ஆசிரியரும் வருவார். வருகிறவர்களின் எண்ணிக்கையும் வகையும் கூடக்கூட, எதிர்ப்பக்கத்தில் நிற்கும் போலீஸ்காரருக்கும் அலுவலருக்கும் அந்தக் கூட்டத்தில் தெரிந்த முகம் ஒன்றாவது கண்ணில் படும். அண்மை ஆண்டுகளில் ஆயுதமற்ற போராட்டங்களின் வெற்றி விகிதமும் குறைந்திருக்கிறது என்று செனோவெத் அவர்களே சொல்லியிருக்கிறார். ஆகையால் கூட்டம் சேர்ந்தாலே போதும் என்று யாரும் எண்ண வேண்டாம்.

கோரிக்கையை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

முதல் கூட்டத்திலேயே பத்துக் குறைகள் வந்து விழும். அத்தனையும் உண்மையாகவே இருக்கும். அவற்றுள் எதை ஓர் அதிகாரி ஒரு கையெழுத்தில் மாற்ற முடியுமோ, எதைக் கேட்டதும் பக்கத்துத் தெருக்காரரும் தலையசைப்பாரோ, அதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 1913 இல், டர்பன் இருக்கும் நேட்டாலின் தமிழ்த் தொழிலாளர்களைச் சுரங்கத்திலிருந்தும் கரும்புத் தோட்டத்திலிருந்தும் வெளியே கொண்டுவந்தது மூன்று பவுன் வரி. ஒப்பந்தம் முடிந்த பிறகு ஊர் திரும்பாமலும் மறு ஒப்பந்தம் எழுதாமலும் இந்த மண்ணிலேயே தங்கியவர்கள் ஆண்டுதோறும் தலைக்கு மூன்று பவுன் கட்ட வேண்டும் என்று 1895 இன் சட்டம் சொன்னது. பதினாறு வயது கடந்த மகனுக்கும் பதின்மூன்று வயது கடந்த மகளுக்கும் அது உண்டு. முதலாண்டுக் கூலி மாதம் பத்து ஷில்லிங்காக இருந்த காலத்தில், கணவன், மனைவி, வளர்ந்த பிள்ளைகள் இருவர் என்ற ஒரு குடும்பத்துக்கு அது பன்னிரண்டு பவுன். இந்தக் கணக்கைக் கூலி வரிசையில் நின்ற எவருக்கும் யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. உங்கள் கோரிக்கையும் அந்த அளவுக்கு வெளிப்படையாக இருக்க வேண்டும். "ஊழலை ஒழியுங்கள்" என்பதை எந்த அதிகாரியாலும் வெள்ளிக்கிழமைக்குள் செய்ய முடியாது. "எங்கள் தெருவின் உடைந்த குழாயை இம்மாத இறுதிக்குள் மாற்றுங்கள், அதுவரை நாளுக்கு இரண்டு தண்ணீர் லாரி அனுப்புங்கள்" என்பதைச் செய்ய முடியும். செய்தார்களா இல்லையா என்று நம்மாலும் பார்த்துச் சொல்ல முடியும்.

எங்கே அழுத்தினால் வலிக்கும் என்று பாருங்கள்

ஊர்வலம் ஒரு வழி. அது ஒன்றே வழி என்று எண்ணிவிடுவது நம்மிடையே உள்ள பெருங்குறை. 1913 அக்டோபரில் காந்தியின் தோழர் தம்பி நாயுடுவும், பக்கத்து டிரான்ஸ்வாலிலிருந்து எல்லை கடந்துவந்த பெண்களும் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் போய்த் தொழிலாளர்களை வேலையை விடும்படி கேட்டார்கள். நிலக்கரி வெளியே வராவிட்டால் ரயிலும் கப்பலும் ஆலையும் நிற்கும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். 1984 இல் இந்தியர்களுக்கென்று நாடாளுமன்றத்தில் தனியாக ஒரு சபையை வெள்ளையர் அரசு உருவாக்கியபோது, நேட்டால் இந்தியக் காங்கிரஸ் வீடுவீடாகப் போய் வாக்குச்சாவடிக்குப் போகாதீர்கள் என்று கேட்டுக்கொண்டது. பதிவுசெய்த வாக்காளர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவரே வாக்களித்தார்கள். எவரும் எவரையும் தொடாமல் அந்தச் சபையின் மதிப்பு முதல் நாளிலேயே போய்விட்டது.

கடைப் புறக்கணிப்பு வலிமையான கருவி. அதன் ஆபத்தையும் சொல்லியாக வேண்டும். 1985 இல் போர்ட் எலிசபெத்தில் கறுப்பின மக்கள் வெள்ளையர் கடைகளைப் புறக்கணித்தபோது, வியாபாரிகளே அரசிடம் போய்ப் பேசும் நிலை வந்தது. அதே ஆண்டுகளில் பல நகர்ப்புறங்களில், புறக்கணிப்பை மீறிப் பொருள் வாங்கியவர்களைப் பிடித்து, வாங்கிய சோப்பையும் எண்ணெயையும் அவர்கள் வாயிலேயே திணித்த கொடுமையும் நடந்தது. பயந்து வாங்காமல் இருப்பவர் நம்மோடு இல்லை. அவர் நம்மை வெறுத்துக்கொண்டு நம் பக்கம் நிற்கிறார். இந்தியர்கள் பெயரைப் பதிவுசெய்தாக வேண்டும் என்ற சட்டத்தை எதிர்த்து 1907 இல் டிரான்ஸ்வாலில் பதிவு அலுவலகங்களின் முன் மறியல் செய்த தொண்டர்களுக்குக் கொடுத்த கட்டளை இன்றும் அப்படியே எடுத்துக்கொள்ளத்தக்கது: பதிவுசெய்யப் போகிறவரிடம் மரியாதையாகப் பேசு, கேட்கவில்லையென்றால் வழிவிடு, வேண்டுமானால் பத்திரமாக உள்ளே கொண்டுபோய் விடு. தொண்டர் அல்லாத சிலர் மறைவில் மிரட்டியதும் நடந்தது. அதைக் கண்டதும் தலைவர்கள் மூடி மறைக்காமல் கடுமையாகத் தடுத்தார்கள்.

பயிற்சி இல்லாமல் போகாதீர்கள்

இந்தப் பகுதியில்தான் நான் அதிக நேரம் நிற்க விரும்புகிறேன், ஏனென்றால் எல்லாரும் தாண்டிப் போவது இதைத்தான். எங்கள் பகுதிக் கோயில் மண்டபத்தில் ஒரு சனிக்கிழமை பிளாஸ்டிக் நாற்காலிகளை இரு வரிசையாகப் போட்டு, நடுவிலுள்ள இடைவெளியைச் சாலை என்று வைத்துக்கொண்டோம். ஒரு பாதியினர் போலீஸ், மறுபாதியினர் மக்கள். போலீஸாக நடித்தவர்களிடம் வாயில் வந்ததையெல்லாம் சொல்லலாம் என்று அனுமதி கொடுத்திருந்தோம். இருபத்திரண்டு வயதுத் தம்பி ஒருவன் நல்ல பொறுமைசாலி என்று பெயரெடுத்தவன். அவன் தாயை இழுத்து ஒரு சொல் வந்ததும் அவன் தோள் எழும்பிற்று, கை முஷ்டியாயிற்று. ஓய்வுபெற்ற நர்ஸ் அக்கா ஒருவர் அவன் முன்னால் போகவில்லை. பக்கவாட்டில் வந்து, அவன் முழங்கையின் உள்மடிப்பில் தன் கையைக் கோத்து, அவன் பார்த்த திசையையே தானும் பார்த்தபடி, "வா தம்பி, கொஞ்சம் தண்ணி குடிச்சிட்டு வருவோம்" என்றார். அவ்வளவுதான். அவன் நான்கு அடி நடந்ததும் தோள் இறங்கிவிட்டது.

அன்று கற்றதை இன்றும் சொல்லிக்கொடுக்கிறேன். கோபத்தில் இருப்பவரின் முகத்துக்கு நேரே நிற்காதீர்கள், பக்கத்தில் நில்லுங்கள். அறிவுரை சொல்லாதீர்கள், ஒரு சின்ன வேலை கொடுங்கள். பெயர் தெரிந்தால் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். தெரியாவிட்டால் தம்பி, அண்ணா, அக்கா என்ற உறவுச் சொற்கள் எதற்கு இருக்கின்றன? அரைச் செங்கலோடு நின்ற அந்தப் பையனுக்கு இது போதுமாயிருந்திருக்கும் என்று நான் இன்றும் நம்புகிறேன்.

நடிப்புப் பயிற்சியை மூன்று முறையாவது செய்யுங்கள்: ஒன்று வசைக்கு, ஒன்று தள்ளுமுள்ளுக்கு, ஒன்று கைதுக்கு. ஒவ்வொரு முறையும் பக்கம் மாற்றுங்கள். போலீஸாக நின்று பார்த்தவருக்கு அந்தத் தொப்பிக்குள் இருப்பவரின் பயமும் புரியும். பயிற்சியில் தாங்க முடியாதவர்களை வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள். சமையலுக்கும், தொலைபேசிக்கும், வாகனத்துக்கும் ஆள் வேண்டும். அவர்களுக்குத் தலைகுனிவு வராமல் அந்த வேலையைக் கொடுப்பதும் அமைப்பாளரின் கடமை.

சட்டப்படி செய்ய வேண்டியவை

ஆயுதமின்றி அமைதியாகக் கூடவும், ஊர்வலம் போகவும், மறியல் செய்யவும் தென்னாப்பிரிக்க அரசியலமைப்பின் 17 ஆம் பிரிவு உரிமை தருகிறது. 1993 இன் கூட்டங்கள் ஒழுங்குமுறைச் சட்டப்படி, பதினைந்து பேருக்கு மேல் கூடினால் மாநகராட்சிக்கு ஏழு நாள் முன்னதாக எழுத்தில் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். பதினைந்து பேர் வரை நிற்பதற்கு அது தேவையில்லை. அறிவிப்பில் கூட்டுபவரின் பெயரும் முகவரியும், நோக்கம், இடம், நேரம், பாதை, எத்தனை பேர் வருவார்கள், எத்தனை மார்ஷல்கள் (கூட்டத்தை ஒழுங்காக நடத்தும் தொண்டர்கள்), அவர்களை எப்படி அடையாளம் காண்பது என்பவை இருக்க வேண்டும். இது அனுமதி கேட்கும் விண்ணப்பம் என்று பலர் தவறாக நினைக்கிறார்கள், இது தகவல்தான். அறிவிப்புக் கிடைத்த 24 மணி நேரத்துக்குள் பேச்சுக்கு அழைக்காவிட்டால், அறிவித்தபடியே கூட்டத்தை நடத்தலாம். அறிவிப்புத் தராததையே குற்றமாக்கிய பிரிவை அரசியலமைப்பு நீதிமன்றம் 2018 இல் நீக்கிவிட்டது; இருந்தும் அறிவிப்பைக் கொடுங்கள். காரணம் உண்டு: கூட்டத்தில் கலவரம் நேர்ந்து பொருள் சேதமானால் நடத்திய அமைப்பே இழப்பீடு கட்ட வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது, 2012 இல் நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. தடுக்கத்தக்க எல்லா ஏற்பாடும் செய்தோம் என்று காட்ட உங்களிடம் காகிதம் இருக்க வேண்டும்.

அந்த நாள்

1913 நவம்பர் 6 அன்று சார்ல்ஸ்டவுனிலிருந்து டிரான்ஸ்வால் எல்லையை நோக்கிக் காந்தியோடு நடந்த அந்த வேலைநிறுத்தக்காரர்கள் 2,037 ஆண்கள், 127 பெண்கள், 57 குழந்தைகள் என்று எண்ணப்பட்டிருக்கிறார்கள். ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒன்றரை ராத்தல் ரொட்டி, ஓர் அவுன்ஸ் சர்க்கரை. தேவைக்கு மேல் துணி எடுக்கக் கூடாது. வழியில் எவர் பொருளையும் தொடக் கூடாது. யார் ஏசினாலும் அடித்தாலும் பொறுக்க வேண்டும். கைது செய்தால் உடன்பட வேண்டும். காந்தி கைதானாலும் நடை நிற்கக் கூடாது. அவருக்குப் பின் யார், அவருக்கும் பின் யார் என்று பெயர்களும் கிளம்புமுன்பே சொல்லப்பட்டன. நான்கே நாளில் காந்தி மூன்று முறை கைதானார். நடை பால்ஃபர் வரை போயிற்று. அங்கே அவர்களை ரயிலேற்றி நேட்டாலுக்குத் திருப்பி அனுப்பினார்கள். அந்த வழியில் இரண்டு தாய்மார் தங்கள் கைக்குழந்தைகளைப் பறிகொடுத்தார்கள் என்பதையும் நாம் மறக்கக் கூடாது.

உங்கள் ஊர்வலம் இரண்டு மணி நேரமே ஆனாலும் இதே கணக்கைப் போடுங்கள். தலைக்கு அரை லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர், நிழல், கழிப்பறை எங்கே என்று தெரிந்த ஒருவர், இருபது பேருக்கு ஒரு மார்ஷல். மார்ஷல்களில் பாதிப்பேர் நடுவயதுப் பெண்களாக இருக்கட்டும். நம் தெருக்களில் இளைஞர்கள் போலீஸ் சொல்லைத் தட்டுவார்கள், பக்கத்து வீட்டு ஆன்ட்டி சொல்லைத் தட்டத் தயங்குவார்கள். கல் ஒன்று பறந்தால் என்ன செய்வது என்று முன்கூட்டியே முடிவு செய்யுங்கள்: எல்லாரும் உட்கார்ந்துவிடுவது எங்கள் வழக்கம். உட்கார்ந்த கூட்டத்தில் நிற்பவன் யார் என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும். இரண்டாவது கல் பறந்தால் கூட்டத்தை முடித்துக்கொண்டு கலைந்து, மற்றொரு நாள் வாருங்கள். இதைக் கோழைத்தனம் என்பவர்கள் 1952 ஐ நினைத்துப் பார்க்கட்டும். நிறவெறிச் சட்டங்களை எதிர்த்த சட்டமறுப்பு இயக்கத்தில் எண்ணாயிரத்துக்கும் அதிகமானோர் ஒழுங்காகச் சிறை சென்றுகொண்டிருந்த வேளையில், அக்டோபர், நவம்பரில் போர்ட் எலிசபெத்திலும் ஈஸ்ட் லண்டனிலும் மூண்ட கலவரம் அரசுக்குக் காரணம் கொடுத்தது. மறு ஆண்டே சட்டமறுப்புக்குக் கசையடியும் நீண்ட சிறையும் விதிக்கும் சட்டம் வந்தது.

வழி அடைபட்டபோது

சட்டம் உரிமை தரும் இன்றைய நாளில் இதைச் சொல்வது எளிது, அன்று சொல்ல முடியுமா என்று இளைஞர்கள் கேட்பார்கள். அவர்களுக்கு நேர்மையாகப் பதில் சொல்லுங்கள். 1960 மார்ச் 21 அன்று ஷார்ப்வில்லில் ஆயுதமில்லாத 69 பேர் போலீஸால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்; இயக்கங்கள் தடைசெய்யப்பட்டன; 1961 டிசம்பரில் ஆப்பிரிக்க தேசியக் காங்கிரஸின் ஆயுதப் பிரிவு தொடங்கிற்று. காந்தியுடன் சிறை சென்ற தம்பி நாயுடுவின் பேரன் இந்திரஸ் நாயுடு, 1963 இல் நாசவேலைக் குற்றத்துக்காகப் பத்தாண்டு ரொபன் தீவுச் சிறைக்குப் போனார். தாத்தாவும் பேரனும் ஒரே அநீதியை எதிர்த்தவர்கள். பேரனை நான் குறைசொல்ல மாட்டேன். ஆனாலும் 1980களில் அந்த நிறவெறி அரசை ஆளமுடியாத நிலைக்குத் தள்ளியதில் வேலைநிறுத்தங்களுக்கும் வாடகை மறுப்புக்கும் கடைப் புறக்கணிப்புக்கும் தேவாலயக் கூட்டங்களுக்கும் பெரும்பங்கு உண்டு என்பதே என் முடிவு. குழாய்க்காகப் போராடும் நமக்கு ஷார்ப்வில்லைக் காட்டிக் கல்லெடுக்கும் உரிமை கோர முடியாது.

பக்கத்து ஊர்க்காரர்களை மறக்காதீர்கள்

1949 ஜனவரியில் டர்பனில் ஓர் ஆப்பிரிக்கச் சிறுவனை ஓர் இந்தியக் கடைக்காரர் அடித்ததிலிருந்து பரவிய கலவரத்தில் 142 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஆப்பிரிக்கர். 2021 ஜூலையில் நாடு முழுவதும் 350க்கும் மேற்பட்டோர் இறந்த கடைக்கொள்ளை அமளியில், நம் ஃபீனிக்ஸிலேயே 36 பேர் கொல்லப்பட்டார்கள். கொல்லப்பட்டவர்களில் பெரும்பாலோர் ஆப்பிரிக்கர்கள் என்பதையும், தடுப்பு அரண் போட்டு நின்றவர்களில் நம்மவர்கள் இருந்தார்கள் என்பதையும் சொல்லாமல் அகிம்சையைப் பற்றி இந்த ஊரில் எழுத எனக்கு உரிமையில்லை. வீட்டைக் காக்க விழித்திருப்பது தவறில்லை. யார் திருடன் என்பதைத் தோலின் நிறத்தைக் கொண்டு தீர்மானித்த கணத்தில் காவல் வேட்டையாகிவிட்டது.

ஆகவே தண்ணீர்ப் பிரச்சினை தொடங்கிய முதல் வாரத்திலேயே பக்கத்திலுள்ள ஆப்பிரிக்கக் குடியிருப்புகளான இனாண்டாவிலும் பாம்பாயியிலும் உள்ள குடியிருப்புக் குழுவினரைச் சென்று பாருங்கள். அவர்களுக்கும் குழாய் வறண்டிருக்கும், பெரும்பாலும் நமக்கு முன்பே. கோரிக்கையில் அவர்கள் தெருவின் பெயரையும் சேருங்கள். அறிவிப்பை ஜூலுவிலும் எழுதுங்கள். இரு பக்கத்திலும் இரவு எந்நேரமும் எடுக்கக்கூடிய இரண்டு தொலைபேசி எண்களை மாற்றிக்கொள்ளுங்கள். வாட்ஸாப்பில் "அவர்கள் கும்பலாக வருகிறார்கள்" என்று ஒரு குரல் பதிவு வந்தால், அதை அனுப்புமுன் அந்த எண்ணைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும் என்பதை விதியாக வையுங்கள். 2021 இன் அந்த இரவுகளில் தெருவுக்கு ஒரு எண் இருந்திருந்தால் என்று நான் பலமுறை நினைத்திருக்கிறேன்.

உடன்பாடு வந்த பிறகு

வெற்றி அரைகுறையாகவே வரும். 1908 ஜனவரியில் டிரான்ஸ்வால் அரசின் அமைச்சர் ஸ்மட்ஸுடன் அந்தப் பதிவைப் பற்றிக் காந்தி செய்த உடன்பாடு மக்களுக்குச் சரியாக விளங்கவில்லை. தம்மை விற்றுவிட்டார் என்று எண்ணிய மீர் ஆலம் என்பவரும் அவர் ஆட்களும் பிப்ரவரி 10 அன்று அவரை அடித்து வீழ்த்தினார்கள். குறுக்கே போன தம்பி நாயுடுவுக்கும் அடி விழுந்தது. அடித்தவர்கள் மேல் வழக்கு வேண்டாம் என்று காந்தி சொன்னது எல்லாருக்கும் தெரியும்; அந்த அடி ஏன் விழுந்தது என்பதைத்தான் அமைப்பாளர்கள் படிக்க வேண்டும். பேச்சுக்கு மூவருக்குக் குறையாமல் போங்கள். கையெழுத்திடுமுன் திரும்பி வந்து மண்டபத்தில் வாசித்துக் காட்டுங்கள். எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை, ஏன் ஒப்புக்கொள்ளலாம் என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் ஜூலுவிலும் சொல்லுங்கள். கை தூக்கச் சொல்லி எண்ணுங்கள்.

எதிர்த்தரப்பு வேறொரு நெருக்கடியில் சிக்கும்போது அதைப் பயன்படுத்திக்கொள்ளத் தோன்றும். 1914 ஜனவரியில் வெள்ளை ரயில் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்தில் அரசு திணறியபோது, காந்தி தாம் அறிவித்திருந்த நடையை ஒத்திவைத்தார். அவ்வாண்டு நடுவிலேயே மூன்று பவுன் வரி நீங்கிற்று. சிறையில் நோயுற்று, பிப்ரவரி 22 அன்று பதினாறு வயதில் ஜோகன்னஸ்பர்க்கில் இறந்த வள்ளியம்மை அதைப் பார்க்கவில்லை.

கடைசியாகச் சில சில்லறை வேலைகள். பிடிபட்டவர்கள் இருந்தால் அவர்கள் வீட்டுக்கு அன்று இரவே இருவர் போய் உட்கார வேண்டும். வசூலான பணத்தின் கணக்கைக் கோயில் பலகையில் ஒட்டுங்கள். மார்ஷல் சட்டைகளைத் துவைத்து, எண்ணி, பையில் போட்டு வையுங்கள். இன்னொரு தெருவுக்கு அடுத்த மாதமே தேவைப்படலாம். குழாய் வந்துவிட்டதா என்று மாத இறுதியில் ஒருவர் போய்த் திறந்து பார்த்து, எத்தனை மணிக்கு எவ்வளவு வேகத்தில் தண்ணீர் வந்தது என்று நோட்டில் எழுதி வைக்கட்டும்.